நாய்க்குட்டிக்குப் பூச்சி, பையன் காலில் சிவப்புக் கோடு: நாயை விரட்ட வேண்டுமா?

கேள்வி: மண்டபம் பக்கம் கடற்கரையை ஒட்டி எங்கள் வீடு. கரையேற்றி வைத்த வல்லத்துக்கு அடியில் தெருநாய் ஒன்று ஐந்து குட்டி போட்டது. பிள்ளைகள் எந்நேரமும் அங்கேதான். இரண்டு குட்டி செத்துவிட்டது, மற்றதும் சோர்ந்து கிடக்கிறது. இப்போது ஏழு வயதுப் பையனின் உள்ளங்காலில் சிவப்பாக ஒரு கோடு வளைந்து வளைந்து போகிறது, ராத்திரியில் அரிப்பு தாங்காமல் அழுகிறான். மருந்துக் கடையில் படர்தாமரை என்று களிம்பு கொடுத்தார்கள், கேட்கவில்லை. நாய்ப் பூச்சி என்கிறார்களே, வயிற்றுக்குள் போய்விடுமா சார்? வீட்டில் பூனையும் இருக்கிறது. நாயைக் கொண்டுபோய் எங்காவது விட்டுவிடச் சொல்கிறார் மாமியார்.

பதில்: முதலில் பையனைப் பார்ப்போம், அப்புறம் குட்டிகள். ஆனால் அவசரம் குட்டிகளுக்குத்தான், இதைப் படித்த கையோடு அவற்றை ஒரு பையில் போட்டுக் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோங்கள்.

நான் கால்நடை மருத்துவன், பையனுக்கு மருந்து எழுத மாட்டேன். ஆனால் நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இது நாய், பூனையின் கொக்கிப்புழுக் குஞ்சு தோலுக்குள் ஊர்வது போலத்தான் இருக்கிறது. படர்தாமரை வட்டமாகப் பரவும், ஒரே நாளில் இடம் மாறாது. இது கோடாக, நாளுக்குச் சில மில்லிமீட்டரிலிருந்து ஒன்றிரண்டு சென்டிமீட்டர் வரை நகர்ந்துகொண்டே போகும். நேற்றைய கோட்டின் நுனியில் பேனாவால் ஒரு புள்ளி வைத்துவிட்டு இன்று பாருங்கள், தெரிந்துவிடும். கடையில் கொடுத்த களிம்பை நிறுத்துங்கள், அந்த வகைக் களிம்புகள் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும், கொஞ்ச நேரம் அரிப்பு அடங்கும், புழு பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். சுண்ணாம்பு, மண்ணெண்ணெய், ஊசியால் குத்தி எடுப்பது எதுவும் வேண்டாம். கோடு முடிகிற இடத்தில் புழு இருக்காது, அதைத் தாண்டி முன்னால் போயிருக்கும், நீங்கள் குத்துவது வெறும் தோலைத்தான்.

இந்தப் புழு மனிதத் தோலுக்குள் வழி தெரியாமல் சுற்றிச் சுற்றி, சில வாரங்களில் தானே செத்துப்போகும். ஆனால் அதுவரை பிள்ளை தூங்காமல் சொறிந்து புண்ணாக்கி, அது சீழ் பிடிக்கும், அதனால் காத்திருக்க வேண்டாம். தோல் மருத்துவர் பார்த்தவுடனே சொல்லிவிடுவார், பெரும்பாலும் ரத்தப் பரிசோதனைகூடத் தேவைப்படாது. ஆல்பெண்டசோலைச் சில நாள் தொடர்ந்தோ, ஐவர்மெக்டினை எடைக்குத் தகுந்த அளவிலோ கொடுப்பார். பள்ளியில் குடற்புழு நீக்க நாளன்று கொடுக்கும் ஒரு மாத்திரை குடலில் இருக்கும் புழுவுக்கானது, அதைத்தான் போட்டாச்சே என்று இதை விட்டுவிடாதீர்கள். ஒரே பாயில் படுக்கும் தங்கச்சிக்கு இவனிடமிருந்து ஒட்டாது, ஆனால் அவளும் அதே மணலில்தானே விளையாடுகிறாள், அவள் காலையும் பின்புறத்தையும் பார்த்துவிடுங்கள்.

வயிற்றுக்குள் போகுமா என்று கேட்டீர்கள். தோலில் கோடு போடுகிற வகை பெரும்பாலும் தோலோடு நின்றுவிடும். ஆனால் நாய், பூனை, மனிதன் மூன்று பேர் குடலிலும் முழுதாக வளரக்கூடிய ஒரு வகை நம் நாட்டில் உண்டு, அதன் பெயரிலேயே இலங்கை இருக்கிறது: ஆன்சைலோஸ்டோமா சிலானிகம். நமக்கு எதிர்க்கரையான சிலோனின் புனுகுப் பூனையிடமிருந்து வந்த புழுவை வைத்து 1911-இல் ஆர்தர் லூஸ் என்ற ஆராய்ச்சியாளர் அதை விவரித்தார். கொக்கிப்புழு தோலைத் துளைத்து உள்ளே நுழையும் என்பதே அவர் கெய்ரோவில் தன் கையில் தவறிச் சிந்திக்கொண்ட புழுக்குஞ்சுகளால்தான் தெரியவந்தது, பாவம் மனுஷன். அதனால் வீட்டில் யாருக்காவது அடிக்கடி வயிற்றுவலி, கழிச்சல், வெளுத்த முகம், படியேறினால் மூச்சு வாங்குவது என்றிருந்தால் மலப் பரிசோதனை செய்துவிடுங்கள். ஆல்பெண்டசோலில் கேட்கும் விஷயம்தான்.

இனி குட்டிகள். தாயின் தசைக்குள் தூங்கிக்கிடக்கும் புழுக்குஞ்சுகள் பிரசவ காலத்தில் விழித்து, பால் வழியாகக் குட்டிக்குள் போகின்றன. அதனால் மண்ணையே தொடாத குட்டிக்கும் புழு வரும். குடலைக் கடித்துத் தொங்கி ரத்தம் குடிக்கும், கடித்த இடத்தில் ரத்தம் உறையவும் விடாது, அரைக்கிலோ உடம்பில் எவ்வளவு ரத்தம்தான் இருக்கும்? உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள், வெள்ளைத்தாள் மாதிரி வெளுத்திருந்தால், மலம் தார் போலக் கருப்பாக இருந்தால், அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள். மலத்தில் முட்டை தெரிவதற்கு முன்பே குட்டி செத்துவிடலாம், “டெஸ்டில் ஒன்றும் இல்லை” என்பதை நம்பி உட்கார வேண்டாம். செத்த இரண்டுக்கும் இதுதான் காரணம் என்று இங்கிருந்தபடி சொல்ல முடியாது, பார்வோ என்ற வைரஸால் வரும் கழிச்சலும் இப்படிக் கொல்லும், மருத்துவரே பார்க்கட்டும்.

பூச்சி மருந்தைப் பிறந்த இரண்டாம் வாரத்தில் தொடங்கி, 2, 4, 6, 8 வாரங்களில் கொடுத்து, பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறை. பைரன்டெல் சிரப் குட்டிகளுக்குத் தாங்கும், அளவு எடை போட்டுத்தான். தாய்க்கும் அதே நாட்களில் கொடுத்துவிடுங்கள். இதில் எல்லோரும் ஏமாறுகிற இடம், ஒருமுறை மாத்திரை போட்டுவிட்டு முடிந்தது என்று விடுவது: குடலில் இருப்பது செத்தவுடனே தசையில் தூங்கினது கிளம்பி வந்து அந்த இடத்தைப் பிடிக்கும். ஆட்டுக்கு வாங்கி வைத்த ஐவர்மெக்டின் ஊசியைக் கண்ணளவாகக் குட்டிக்குப் போடுவதைப் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து செய்யாதீர்கள். பூனைக்கும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, அதன் எடைக்கு உரிய மருந்து. பூனை மணலில் தோண்டி மூடிவிட்டுப் போவதால் எங்கே இருக்கிறதென்றே தெரியாது, அந்த வகையில் நாயே தேவலை.

மாமியார் சொன்னதற்கு வருகிறேன். நாயை விட்டுவிட்டு வந்தாலும் மணலில் இருக்கிற புழு அங்கேயேதான் இருக்கும், அந்த இடத்துக்கு வேறொரு நாய் வரும், அது மருந்தே பார்க்காத நாயாக இருக்கும். புதிதாகக் கிடக்கும் மலத்தால் இந்த நோய் வராது. முட்டை பொரிந்து தோலைத் துளைக்கும் பருவத்துக்கு வரச் சூடும் ஈரமும் நிழலும் சேர்ந்து ஏறக்குறைய ஒரு வாரம் வேண்டும். அதனால் தினமும் காலையில் ஒரு தகரத்தால் அள்ளி ஆழமாகப் புதைத்துவிட்டால் பாதிக்கு மேல் வேலை முடிந்தது. சித்திரை வெயிலில் காய்கிற வெட்டவெளி மணலில் புழுக்குஞ்சு வாழாது, அலை வந்து கழுவிப்போகிற மணலும் பயமில்லை. வல்லத்தின் அடி, குழாயடி, மீன் கழுவின தண்ணீர் ஓடுகிற இடம், ஓலைக் கொட்டகையின் ஓரம், இங்கேதான் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும், ஐப்பசி, கார்த்திகை மழையில் இன்னும் வசதி. மீன்பிடித் தடைக்காலத்தில் படகுக்கு அடியில் வெறும் உடம்போடு படுத்துப் பெயிண்ட் அடிக்கிறவர்களுக்கு முதுகில் கோடு வருவதும் இதனால்தான், ஒரு தார்ப்பாயை விரித்துக்கொண்டால் போதும். பினாயிலும் பிளீச்சிங் பவுடரும் மணலில் கொட்டுவது காசுக்குக் கேடு. மேல் மணலை வாரி எடுத்துவிட்டு, முடிந்தால் வல்லத்தை வேறு பக்கம் நகர்த்தி, அந்த இடத்தில் வெயில் படவிடுங்கள். பிள்ளைகளுக்குச் செருப்பு, உட்கார ஒரு சாக்கு.

கருவாடு காயப்போடுவதால் குழம்பு வழியாக வருமா என்றும் சிலர் கேட்பதுண்டு, கொதிக்கும் குழம்பில் இது பிழைக்காது. காயப்போடுகிறவர்கள் வெறுங்காலோடு ஈர மணலில் நிற்கிறார்களா என்பதைத்தான் பார்க்க வேண்டும். குட்டிகளுக்கு ஆறு வாரம் ஆனதும் தடுப்பூசி பற்றியும் அங்கேயே கேட்டுவிடுங்கள், மூன்று மாதத்தில் வெறிநாய்த் தடுப்பூசி, தாய்க்குக் கருத்தடையும் பால்குடி மறந்த பிறகு.