விபத்து நடந்த இடத்தைக் கணினியில் வரைவது: கேள்வி பதில்

நில அளவை படித்தவன். காப்பீட்டு வழக்குகளுக்கும் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாய வழக்குகளுக்கும் இட வரைபடம் தயாரித்துக் கொடுப்பது என் தொழில். வரைவது, அளப்பது, மென்பொருள் பற்றி எதையும் கேளுங்கள். தவறு யார் மீது என்று மட்டும் கேட்காதீர்கள்.

எந்த மென்பொருளில் தொடங்கலாம்? செலவு செய்ய வசதி இல்லை. (சட்டக் கல்லூரி மாணவர்)

லிப்ரே ஆபீஸ் டிரா அல்லது இங்க்ஸ்கேப். இரண்டும் இலவசம். கோடு, வளைவு, லேயர் (ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துத் தனித்தனியே வரையும் அடுக்கு), அளவு விகிதம் ஆகிய நான்கும் இருந்தால் போதும். அலுவலகத்தில் விசியோ இருந்தால் அதுவும் சரி. பிசி-கிராஷ் போன்றவை வேறு வகை: அவை மோதலின் இயற்பியலைக் கணக்கிடுபவை. உங்களுக்கு இப்போது அது வேண்டாம்.

முதலில் விகிதத்தை முடிவு செய்யுங்கள். 1:200 என்றால் தாளில் 1 செ.மீ. சாலையில் 2 மீட்டர். ஏ4 தாளை அகலவாக்கில் வைத்தால் ஏறத்தாழ 59 மீட்டர் அடங்கும். லாரி நூறு மீட்டர் தள்ளிப் போய் நின்றிருந்தால் ஒரே தாளில் நெருக்காதீர்கள். 1:500இல் முழு இடத்துக்கு ஒரு தாள், 1:100இல் மோதல் பகுதிக்கு ஒரு தாள் என்று போடுங்கள்.

விபத்து வரைபட வார்ப்புருக்களில் ஆட்டோவே இல்லையே, ஐயா? (காப்பீட்டு ஆய்வாளர், சேலம்)

இருக்காது. அவற்றில் பெரும்பாலானவை அமெரிக்கச் சாலைக்குச் செய்தவை. வண்டிகள் வலப்பக்கம் ஓடும், நடுக்கோடு மஞ்சளாக இருக்கும், அளவு அடிக்கணக்கில் வரும். இடமிருந்து வலமாகத் திருப்பிப் போட்டால் சரியாகிவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். திருப்பினால் எழுத்தும் அம்புக்குறியும் சேர்ந்து திரும்பும். நீங்களே ஒரு தொகுப்பு செய்துகொள்ளுங்கள். ஆட்டோ சுமார் 2.6 மீட்டர் நீளம், 1.3 அகலம். சாதாரண பைக் 2 மீட்டர். பஸ் நீளம் 12 மீட்டர் வரை, அகலம் 2.6 வரை. அழகான படம் வேண்டாம்; முன்பக்கம் எது என்று தெரிகிற ஒரு பெட்டி போதும். வழக்கிலுள்ள வண்டியை மட்டும் நேரில் அளந்து போடுங்கள்.

கூகுள் செயற்கைக்கோள் படத்தின் மேலேயே வரைந்துவிடலாமா?

வேண்டாம். அந்தப் படம் விபத்துக்கு முன்னரோ பின்னரோ எடுத்தது. இடையில் சாலையை அகலப்படுத்தியிருக்கலாம், நடுவே தடுப்புச் சுவர் வந்திருக்கலாம். மேம்பாலமும் உயரமான கட்டடமும் அதில் இடம் தள்ளித் தெரியும். சாலையோரப் புளிய மரத்தின் நிழலில் தார் விளிம்பு எங்கே முடிகிறது என்று உங்களால் சொல்ல முடியாது. வளைவின் போக்கைப் புரிந்துகொள்ளப் பாருங்கள். பிறகு அளவு நாடாவை எடுங்கள். அளக்காததை வரையாதீர்கள்.

அளப்பதற்கு முறை உண்டா? நாங்கள் சாலை ஓரத்திலிருந்து இத்தனை அடி என்று எழுதுவதுதான் வழக்கம். (காவலர்)

நல்ல கேள்வி, கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். சாலை ஓரம் நிலையான கோடு அல்ல. தார் உடைந்து மண்ணோடு கலந்திருக்கும். அடுத்த ஆண்டு புதிதாகத் தார் போட்டால் உங்கள் "ஓரம்" அரை மீட்டர் நகர்ந்திருக்கும். அதனால் எண் எழுதிய மின்கம்பம், கிலோமீட்டர் கல், சிறுபாலத்தின் மூலை போன்ற நகராத இரண்டு பொருள்களை முதலில் பிடியுங்கள்.

நேரான சாலையில் அந்த இரண்டையும் இணைத்து ஒரு அடிப்படைக் கோடு போடுங்கள். அதன் ஒரு முனையிலிருந்து எவ்வளவு தூரம், அங்கிருந்து தரையிலேயே செங்கோணமாக எவ்வளவு என்று ஒவ்வொரு தடயத்துக்கும் இரண்டு எண்கள். வளைவிலும் சந்திப்பிலும் செங்கோணம் பிடிப்பது சிரமம். அங்கே இரண்டு நிலைப்புள்ளிகளிலிருந்தும் நேரடியாகத் தூரம் எடுங்கள். கணினியில் இரண்டு வட்டம் போட்டால் வெட்டிக்கொள்கிற இடம் உங்கள் புள்ளி. வட்டங்கள் இரண்டு இடத்தில் வெட்டும், எந்தப் பக்கம் என்று குறிப்பேட்டில் எழுதாவிட்டால் பைக்கை வயலுக்குள் கொண்டு போய் வைத்துவிடுவீர்கள்.

நின்ற வண்டிக்கு ஒரு புள்ளி போதாது. இரண்டு சக்கரங்களையாவது அளந்தால்தான் அது எந்தப் பக்கம் திரும்பி நின்றது என்பது வரும். பிரேக் தடத்துக்குத் தொடக்கம், முடிவு, திடீரென்று ஒடிகிற இடம் ஆகிய மூன்றும் வேண்டும்.

பிரேக் தடத்தின் நீளத்தை வைத்து வேகம் சொல்லலாமா?

மீட்டர் நீளத்தை உராய்வு எண்ணாலும் (டயர் சாலையை எவ்வளவு பிடிக்கிறது என்பதைக் காட்டும் எண்) 254ஆலும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால், வண்டி வழுக்கியே நின்றிருந்தால், மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்று வரும். 20 மீட்டர் தடம், காய்ந்த தாருக்கு 0.7 என்றால் சுமார் 60. அதே தடம் ஈரச் சாலையில் 0.4 என்றால் 45. சாலை ஈரமா என்று எழுதாத வரைபடம் இந்தக் கணக்குக்கு உதவாது என்பது புரிகிறதா? தடம் முடிகிற இடத்தில் வண்டி எதன் மீதாவது மோதியிருந்தால் உண்மையான வேகம் இதைவிட அதிகம். பக்கவாட்டில் விழுந்து தேய்ந்துகொண்டு போன பைக்குக்கு டயருக்கான உராய்வு எண்ணைப் போடாதீர்கள்.

தடமே இல்லை. அப்படியானால் ஓட்டுநர் பிரேக் பிடிக்கவில்லை என்றுதானே பொருள்?

இல்லை. 2019 ஏப்ரல் முதல் புதிய கார்களிலும் 125 சிசிக்கு மேற்பட்ட பைக்குகளிலும் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) கட்டாயம். சக்கரம் பூட்டிக்கொள்ளாததால் தடம் மிக மங்கலாக விழும், அல்லது விழாது. 60 கி.மீ. வேகத்தில், ஒன்றரை விநாடி சுதாரிப்பதற்குள் 25 மீட்டர் ஓடிவிடும் என்பதையும் மறக்காதீர்கள்.

என் சித்தப்பாவுக்கு எவ்வளவு இழப்பீடு கிடைக்கும்?

வழக்கறிஞரிடம் போங்கள். இன்றே.

கூகுள் எர்த்தில் அளவுகோல் இருக்கிறதே, அதை வைத்து அளக்கலாமா?

மேலே பாருங்கள்.

மோதிய இடத்தை எக்ஸ் குறி போட்டுக் காட்டுவதுதானே வரைபடத்தின் நோக்கமே? நீங்கள் அதைச் சொல்லவே இல்லை. (ஓய்வு பெற்ற உதவி ஆய்வாளர்)

வேண்டுமென்றேதான் சொல்லவில்லை. மோதிய இடத்தை யாரும் அளப்பதில்லை, ஊகிக்கிறோம். கண்ணாடித் தூள் கிடக்கும் இடத்தில் எக்ஸ் போடுவது வழக்கமாகிவிட்டது. கண்ணாடி வண்டியின் வேகத்தோடு முன்னால் பறந்து விழும் பொருள். தார் பெயர்ந்த பள்ளமும் பிரேக் தடம் ஒடியும் இடமும் அதைவிட நம்பகமானவை. அளந்ததை ஒரு லேயரில் வையுங்கள், ஊகத்தை வேறொரு லேயரில், வேறு நிறத்தில், ஒரே புள்ளியாக இல்லாமல் ஒரு பகுதியாக வரையுங்கள்.

(அவரே) 'பகுதி' என்று சொன்னால் குறுக்கு விசாரணையில் கிழித்துவிடுவார்கள். காவல்துறை தீர்ப்பாயத்துக்குக் கொடுக்கும் விரிவான விபத்து அறிக்கையில் இட வரைபடத்துக்கென்றே படிவம் 8 இருக்கிறது. நீதிமன்றம் கேட்பது விடை; உங்கள் லேயரை அல்ல.

படிவம் வரைபடத்தைக் கேட்கிறது. தெரியாததைத் தெரிந்ததுபோல் வரையச் சொல்லவில்லை.

(வழக்கறிஞர், தஞ்சாவூர்) நான் கிழிப்பது துல்லியமான எக்ஸைத்தான். "இந்தப் புள்ளியை எந்த நாடாவால் அளந்தீர்கள்?" என்று ஒரே கேள்வி. 'பகுதி' என்று எழுதி, காரணமும் சொன்னவரிடம் எனக்குக் கேட்க ஒன்றும் இருக்காது.

ஐயா, எதிர்த்தரப்பே சொல்கிறார்.

(உதவி ஆய்வாளர்) இரவு இரண்டு மணி. நான்கு கிலோமீட்டருக்கு வண்டிகள் நிற்கின்றன. ஒரு காவலர் டார்ச் பிடிக்கிறார், இன்னொருவர் கூட்டத்தை விலக்குகிறார். இரண்டு கம்பத்திலிருந்து வட்டம் போடச் சொல்கிறீர்கள். அறையில் உட்கார்ந்து வரைகிறவர்களுக்கு எல்லாம் சுலபம்.

இதில் நியாயம் இருக்கிறது. அந்த நேரத்தில் அளக்க வேண்டாம். ஜீப்பில் ஒரு டப்பா பெயிண்ட் வையுங்கள். வண்டியை நகர்த்துவதற்கு முன் சக்கரங்களைச் சுற்றிக் கோடு, தடத்தின் இரு முனையிலும் ஒரு புள்ளி, நான்கு பக்கமும் புகைப்படம். ஐந்து நிமிடம் போதும். விடிந்த பிறகு வந்து அந்தக் குறிகளை அளக்கலாம். ஆனால் அளக்காமல் போட்ட எக்ஸ், கணினியில் அச்சானதும் அளந்த புள்ளியைப் போலவே தெரிகிறது. பென்சிலால் கையில் போட்ட வரைபடத்தைப் பார்ப்பவர்களுக்கு அது தோராயம் என்றாவது புரியும்.

(உதவி ஆய்வாளர்) பெயிண்டை ஒப்புக்கொள்கிறேன். எக்ஸை விட மாட்டேன்.

சரி. கூடவே "ஆய்வாளரின் கருத்து" என்று இரண்டு சொல் எழுதிவிடுங்கள். அதற்கு மேல் நான் வாதாடவில்லை.

கணினியில் வரைந்ததை நீதிமன்றம் ஏற்குமா?

2024 ஜூலை முதல் பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழ் இணைக்க வேண்டும். கோப்பின் ஹாஷ் மதிப்பும் (கோப்பை மாற்றினால் தானும் மாறிவிடும் அடையாளக் குறியீடு) அதில் வரும். கையால் எழுதிய குறிப்பேட்டைத் தூக்கி எறியாதீர்கள். கூண்டில் உங்களைக் காப்பாற்றுவது அதுதான்.

இலவச மென்பொருள் எது?

முதல் கேள்வி. முதல் பதில்.

செல்போன் செயலி ஒன்றில் படம் எடுத்தால் அதுவே வரைந்து தருகிறதாம்.

இரண்டு கம்பங்களுக்கு நடுவே நாடா பிடித்துச் சோதித்துப் பாருங்கள். செயலி சொல்வதும் நாடா சொல்வதும் பொருந்தினால் பயன்படுத்துங்கள்.

என் தம்பி விபத்தில் சிக்கி மூன்று வாரம் ஆகிறது. மழையும் பெய்துவிட்டது. இனி எதை அளப்பது? (ஒரு சகோதரி, திண்டிவனம்)

இன்னும் நிறைய இருக்கிறது அம்மா. தாரில் விழுந்த பள்ளமும் கீறலும் மழையில் போகாது. தடுப்புச் சுவரிலும் கம்பத்திலும் உரசிய தழும்பு, அதன் உயரம் ஆகியவற்றை அளந்து வையுங்கள். அன்று எடுத்த புகைப்படங்களை, வழியில் போனவர்கள் எடுத்ததையும் சேர்த்து, அழிவதற்குள் வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தரம் குறையும். ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள். ஒரு படத்தில் சாலைக் கோட்டின் முனை, சாக்கடை மூடி, ஒட்டுப்போட்ட தார் என்று இன்றும் அதே இடத்தில் உள்ள நான்கு புள்ளிகள் தெரிந்தால், அவற்றை நேரில் அளந்து, படத்தைக் கணினியில் மேலிருந்து பார்ப்பதுபோல் விரித்துவிடலாம். அழிந்துபோன தடம் அதில் தன் இடத்தில் வந்து உட்காரும். சாலை சமதளமாக இருந்தால் மட்டுமே இது சரிவரும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் தம்பியின் வண்டி. அது இன்னும் காவல் நிலையத்தில் இருந்தால், விடுவித்துப் பழுதுபார்க்கக் கொடுப்பதற்குள் அனுமதி கேட்டுப் போய், நசுங்கிய இடங்களைத் தரையிலிருந்து எத்தனை உயரம் என்று நாடா தெரியும்படி படம் எடுத்துவிடுங்கள்.