கரைசல் கணக்கு: கேள்வியும் பதிலும்

பாளையங்கோட்டையில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் எடுக்கிறேன். செய்முறைத் தேர்வு நெருங்குகிறது, கரைசல் கணக்கில் உள்ள சந்தேகங்களைக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். பிள்ளைகளோடு பெரியவர்களும் கேட்டிருக்கிறார்கள், ரொம்ப சந்தோஷம்.

டீச்சர், 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு 250 மில்லி வேண்டும். 250 மில்லி தண்ணீர் எடுத்து 1 கிராம் போட்டால் சரிதானே? (மாணவி, மேலப்பாளையம்)

கணக்கு சரி. மோல் என்பது பொருளின் துகள்களை எண்ணும் ஓர் அளவு; சோடியம் ஹைட்ராக்சைடு ஒரு மோல் 40 கிராம். 40 × 0.1 × 0.25 = 1 கிராம். செய்முறைதான் தப்பு. மோலாரிட்டி என்பது ஒரு லிட்டர் கரைசலில் எத்தனை மோல் என்பது. ஒரு லிட்டர் தண்ணீரில் எத்தனை மோல் என்பது இல்லை. வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு லிட்டர் தண்ணீரில் அரைக் கிலோ கருப்பட்டியைக் கரைத்தால் பாத்திரத்தில் மட்டம் ஏறிவிடும், கால் லிட்டருக்கு மேலேயே கூடும். 1 கிராமுக்கு அந்த ஏற்றம் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் பழக்கம் இப்போதே சரியாக வர வேண்டும்.

முதலில் பீக்கரில் கொஞ்சம் தண்ணீரில் கரையுங்கள். சூடு ஆறட்டும். அப்புறம் திட்டக் குடுவையில் ஊற்றி, பீக்கரை இரண்டு மூன்று தடவை கழுவி அந்தத் தண்ணீரையும் அதிலேயே விடுங்கள். கழுத்தில் 250 மில்லியைக் காட்டும் ஒரு கோடு இருக்கும். கடைசித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு, குழிந்த மட்டத்தின் அடிப்பகுதி கோட்டைத் தொடும்போது நிறுத்துங்கள். கண் கோட்டுக்கு நேராக இருக்க வேண்டும், நின்றபடி மேலிருந்து பார்க்காதீர்கள். மூடி, தலைகீழாகக் கவிழ்த்துக் கலக்குங்கள்.

ஹைட்ரோகுளோரிக் அமில பாட்டிலில் 37 சதவீதம், அடர்த்தி 1.18 என்றுதான் போட்டிருக்கிறது. இதில் 1 மோலார் 500 மில்லி எப்படித் தயாரிப்பது? (மாணவன், தென்காசி)

தம்பி, ஒரு லிட்டரை மனசில் வைத்துக்கொள். அதன் எடை 1180 கிராம். அதில் 37 சதவீதம் ஹைட்ரஜன் குளோரைடு, அதாவது 436.6 கிராம். ஒரு மோலின் எடையான 36.5 ஆல் வகுத்தால் ஏறக்குறைய 12 மோலார். இனி நீர்த்தல் கணக்கு. தண்ணீர் சேர்த்தால் பருமன்தான் கூடும், மோல் எண்ணிக்கை மாறாது. அதனால் 12 × V = 1 × 500. V என்பது 41.7 மில்லி.

பாதிக் குடுவைக்குத் தண்ணீர் விட்டு, அதில் அமிலத்தை மெதுவாக ஊற்று. மாற்றிச் செய்யவே கூடாது. கந்தக அமிலத்தில் இது உயிர் போகும் விஷயம். அதன் அடர்த்தி 1.84. மேலே ஊற்றும் தண்ணீர் அடியில் இறங்காமல் மிதக்கும். அங்கேயே சூடேறிக் கொதித்து, அமிலத்தையும் வாரிக்கொண்டு முகத்தில் தெறிக்கும். நான் படிக்கும்போது பக்கத்து மேசைப் பிள்ளை அவசரத்தில் அப்படி ஊற்றிவிட்டாள். கண்ணாடி போட்டிருந்ததால் கண் தப்பியது, கன்னத்தில் தழும்பு நின்றுவிட்டது.

தரம் பார்த்தலிலும் M₁V₁ = M₂V₂ போடலாமா? (மாணவி, சங்கரன்கோவில்)

அப்படியே போடாதே. M என்பது மோலாரிட்டி, V என்பது பருமன்; மேலே அமிலத்துக்குப் போட்ட நீர்த்தல் கணக்குதான் இந்தச் சூத்திரம். நீர்த்தலில் இருப்பது ஒரே பொருள். தரம் பார்த்தல் என்பது செறிவு தெரிந்த கரைசலை வினைபுரிய விட்டு, இன்னொன்றின் செறிவைக் கண்டுபிடிப்பது. அதில் இரண்டு பொருள் வினைபுரிகின்றன. ஒரு மோல் ஆக்சாலிக் அமிலத்துக்கு இரண்டு மோல் சோடியம் ஹைட்ராக்சைடு வேண்டும். அதனால் 0.1 மோலார் அமிலம் 10 மில்லிக்கு, 0.1 மோலார் காரம் 20 மில்லி செலவாகும். நார்மாலிட்டியில் (N), அதாவது வினைபுரியும் திறனையும் சேர்த்துக் கணக்கிடும் செறிவில் போட்டால் அந்த இரண்டு உள்ளேயே அடங்கிவிடும். அங்கே N₁V₁ = N₂V₂ சரி.

மகள் உங்களிடம் படிக்கிறாள். நெல்லுக்கு 5 சதவீத வேப்பங்கொட்டைச் சாறு அடிக்கச் சொன்னார்கள். என் டேங்க் 10 லிட்டர். எவ்வளவு போட? (விவசாயி, அம்பாசமுத்திரம்)

அரைக் கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பு, அண்ணாச்சி. 5 சதவீதம் என்றால் 100 லிட்டருக்கு 5 கிலோ. இடித்து, கொஞ்சத் தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊற வைத்து, துணியில் வடிகட்டுங்கள். வந்த சாற்றோடு தண்ணீர் சேர்த்து மொத்தம் 10 லிட்டர் ஆக்குங்கள். சாறு போக இன்னொரு 10 லிட்டர் ஊற்றினால் பலம் குறைந்துவிடும்.

பத்து மடங்கு நீர்க்க 1 மில்லியோடு 10 மில்லி தண்ணீர் சேர்க்கிறேன். நண்பன் தப்பு என்கிறான். (கல்லூரி மாணவர், தூத்துக்குடி)

நண்பர் சொல்வதுதான் சரி. 1 மில்லியோடு 9 மில்லி. நீங்கள் செய்தால் மொத்தம் 11 மில்லி ஆகிறது. ஒரு தடவை என்றால் சின்னப் பிழைதான். மூன்று தடவை தொடர்ந்து செய்தால் 1000 மடங்குக்குப் பதில் 1331 மடங்கு நீர்த்திருக்கும்.

உப்பளத்தில் வேலை பார்க்கிறேன். தண்ணீர் வற்ற வற்ற டிகிரி ஏறுவதும் இந்தக் கணக்குதானா? (ஆறுமுகநேரி)

அதேதான், திருப்பிப் போட்டால். ஒரு லிட்டர் கடல் தண்ணீரில் சாப்பாட்டு உப்பு மட்டும் சுமார் 27 கிராம். அதன் ஒரு மோல் எடையான 58.5 ஆல் வகுத்தால் 0.46 மோலார். 1000 லிட்டர் வற்றி 100 லிட்டரானால் 4.6 மோலார். அதற்குப் பக்கத்தில்தான், உப்புநீரின் அடர்த்தியைக் காட்டும் போமே அளவில் சுமார் 25 டிகிரியில், பாத்தியில் உப்பு பூக்க ஆரம்பிக்கிறது. உப்பு அடியில் இறங்க ஆரம்பித்த பிறகு இந்தச் சூத்திரத்தைப் போடாதீர்கள். கரைசலை விட்டு மோல் வெளியேறத் தொடங்கிவிட்டது.