எடைக்கு அதிகமான மருந்தா?

கேள்வி: காசநோய்க்காக, 14 கிலோ எடையுள்ள என் நான்கு வயது மகளுக்குத் தினமும் மூன்று மாத்திரைகள் கொடுக்கிறோம். அதில் ஐசோனியாசிட் மட்டும் 150 மில்லிகிராம். அதே நோய்க்கு, 60 கிலோ எடையுள்ள என் கொழுந்தனாருக்கு 300 மில்லிகிராம்தான். குழந்தைக்கு இது அதிகமில்லையா?

பதில்: அதிகமில்லை, அம்மா, அதுவே சரியான அளவு. உடல் எடையோடு ஒப்பிடும்போது குழந்தையின் கல்லீரல் பெரியவர்களுடையதைவிடப் பெரியது. ஆகவே ஐசோனியாசிட் போன்ற மருந்துகளை அது விரைந்து மாற்றி வெளியேற்றிவிடுகிறது. பெரியவர்களுக்குரிய கிலோவுக்கு 5 மில்லிகிராம் அளவையே குழந்தைகளுக்கும் கொடுத்தபோது, பலருடைய இரத்தத்தில் கிருமியைக் கொல்லப் போதுமான செறிவு எட்டப்படவில்லை என்று தெரியவந்ததால், உலக சுகாதார நிறுவனம் 2010இல் அதை 10 ஆகவும், அதே மாத்திரையிலுள்ள மற்றொரு காசநோய் மருந்தான ரிஃபாம்பிசினை 10இலிருந்து 15 ஆகவும் உயர்த்தியது. இதில் பரம்பரைக்கும் பங்குண்டு: ஐசோனியாசிட்டைச் சிதைக்கும் நொதி சிலருக்கு வேகமாகவும் சிலருக்கு மெதுவாகவும் இயங்கும், கைக்குழந்தைகளிடம் அது முழு வளர்ச்சி பெற்றிருப்பதில்லை.

மாத்திரையைத் தண்ணீரில் முழுமையாகக் கரைத்து உடனே கொடுங்கள். டம்ளரின் அடியில் படியும் வண்டலையும் சிறிது நீர் விட்டுக் கலக்கிப் புகட்டுங்கள், அதுவும் மருந்துதான். சிறுநீர் ஆரஞ்சு நிறமாவது ரிஃபாம்பிசினால், அஞ்ச வேண்டாம். ஆனால் கண் மஞ்சளித்தாலோ, வாந்தி ஓயாவிட்டாலோ, மருந்தை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். மாதந்தோறும் எடை பார்ப்பதும் அவசியம். குழந்தை 16 கிலோவை எட்டினால் மாத்திரைகள் நான்காகும்.