களவெட்டியிலிருந்து ஒரு கவிஞர், சலவைத் தொட்டியிலிருந்து ஒரு பதில்

கேள்வி: எங்கள் ஊர்களில் சூடு மிதிக்கையில் பொலி பாடியவர்கள் வயலில் உழைத்தவர்களே. ஆங்கில இலக்கியத்திலோ பிரபுக்களும் படித்தவர்களும் மட்டுமே எழுதியதாகத் தோன்றுகிறது. கூலி வேலை செய்த எவரேனும் அங்கே எழுதியிருக்கிறாரா?
- ஒரு வாசகி, களுவாஞ்சிக்குடி

பதில்: எழுதியிருக்கிறார்கள். அவர்களுள் ஒருவர் ஸ்டீபன் டக். இங்கிலாந்தின் வில்ட்ஷயரில் 1705ஆம் ஆண்டளவில் பிறந்து, பதின்ம வயதிலேயே பள்ளியை விட்டு, வாரத்துக்கு 4 சிலிங் 6 பென்ஸ் கூலிக்குக் கதிரடித்தவர். நம் களவெட்டியில் எருமைகள் செய்த வேலையை அங்கே மனிதர்கள் கொட்டகைக்குள் நின்று தடியால் அடித்துச் செய்தார்கள். ஆங்கிலக் கவிஞர் மில்டனின் காவியத்தை டக் அகராதியின் துணையோடு தாமாகவே படித்துத் தேறினார். 1730இல் அச்சேறிய ‘கதிரடிப்பவனின் உழைப்பு’ என்ற கவிதையில், பட்டாணி அடித்த தூசியும் வியர்வையும் அப்பி முகம் கரியாகி வீடு திரும்பும் தகப்பனைப் பிள்ளைகள் பூச்சாண்டி என்று நினைத்து மிரளும் இடம் ஒன்று வருகிறது. அந்தத் தூசியைத் தின்றவரால்தான் அப்படி எழுத முடியும். கரோலைன் இராணி அவருக்கு உதவிப்பணமும் வீடும் அளித்தார். பிற்காலத்தில் மதகுருவான அவர், 1756இல் நீரில் மூழ்கித் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அரண்மனை வாசலை மிதித்த பிறகு எழுதியவை அந்த முதற் கவிதைக்கு ஈடாகவில்லை என்பதே என் எண்ணம்.

ஆயினும் நீங்கள் தேடிப் படிக்க வேண்டியவர் மேரி கொலியர். பள்ளிக்கே போகாமல் தாயிடம் எழுத்துக் கற்று, ஹாம்ப்ஷயரின் பீட்டர்ஸ்பீல்டில் வீடு வீடாகச் சென்று துணி வெளுத்து வாழ்ந்தவர். டக்கின் கவிதைகளை மனப்பாடமாகவே வைத்திருந்த அவருக்கு, வைக்கோல் வயலில் பெண்கள் வாயாடுவதைத் தவிர வேறு ஒன்றும் செய்வதில்லை என்று டக் எழுதியிருந்தது பொறுக்கவில்லை. 1739இல் ‘பெண்ணின் உழைப்பு’ என்ற கவிதை மடலை அவருக்கே எழுதி வெளியிட்டார். கைக்குழந்தையைத் துணியில் சுற்றி வயலுக்கு எடுத்துச் சென்று, பகலெல்லாம் வேலை செய்து, பொழுது பட்டதும் வீட்டுக்கு வந்து சமைத்து, ஆண்கள் உறங்கும் நேரத்தில் சீமாட்டியின் வீட்டுக்கு வெளுக்கப் போகும் பெண்ணை அதில் காண்கிறோம். அவள் மணிக்கட்டில் வழிவது வியர்வை மட்டுமல்ல, இரத்தமும்தான். அதற்குக் கூலி 6 அல்லது 8 பென்ஸ். பத்துக் கைகள் இருந்தாலும் பத்துக்கும் வேலை இருக்கும் என்கிறார். ஓயாத உழைப்புக்கு டக், மலையில் பாறையை உருட்டும் கிரேக்கப் புராண மனிதனைக் காட்டினார்; கொலியரோ நிரம்பாத பாத்திரத்தில் நீர் வார்க்கும் புராணப் பெண்களை எதிரே நிறுத்தினார். நடுகையும் களை பிடுங்கலும் கதிர் பொறுக்கலும் முடித்து வந்து அடுப்பு மூட்டிய நம் பெண்கள் இந்தக் கவிதையைக் கேட்டிருந்தால், தங்களில் ஒருத்தி பாடுகிறாள் என்றே எண்ணியிருப்பார்கள். எந்த இராணியும் கொலியருக்கு வீடு கொடுக்கவில்லை. 63 வயது வரை வெளுத்தார். முதுமையில் ஆல்ட்டன் என்ற ஊரில் ஒரு மாடியறையில் வாழ்ந்தார்.

கேள்வி: இத்தகையோரை ஆதரித்த செல்வர்கள் அவர்களை நேர்மையாக நடத்தினார்களா?
- ஒரு வாசகர், அக்கரைப்பற்று

பதில்: பிரிஸ்டலில் பால் விற்ற ஆன் இயர்ஸ்லியின் கதையே போதும். ஹன்னா மோர் என்ற எழுத்தாளர் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் முற்பணம் திரட்டி, 1785இல் அவரது நூலை வெளியிட உதவினார். ஆனால் ஏழைப் பெண்ணுக்குப் பணத்தை ஆளத் தெரியாது என்று கருதி, அதைத் தம் பொறுப்பிலேயே வைத்துக்கொண்டார். தன் பணத்தைத் தன் கையில் தரும்படி கேட்ட இயர்ஸ்லி நன்றிகெட்டவள் என்று ஏசப்பட்டார். அவர் விட்டுக்கொடுக்கவில்லை. தம் தரப்பு நியாயத்தை அச்சிலேயே எழுதினார். பின்னர் 1793இல் வாடகைக்கு நூல் தரும் நூலகம் ஒன்றைத் தாமே திறந்தார்.