மெராந்தி கன்றின் இலை கருகுவது ஏன்?

வணக்கம். கோலாலம்பூர் பக்கம் கெப்போங் வீட்டு மாடியில வெயில்ல வச்சதும் மெராந்தி தெம்பாகாங்கிற மழைக்காட்டு மரக் கன்றோட இலை வெளுத்துக் கருகுது, தண்ணி போதலையான்னு கேட்டிருந்தீங்க. பெரும்பாலும் வெயில்தாங்க காரணம். மழைக்காட்டுத் தரைக்கு 1–2 சதவீத வெளிச்சமே இறங்கும். அந்த நிழல்ல விரிஞ்ச மெல்லிய இலை திடீர் முழுவெயிலைத் தாங்காது. அதுக்காக மறுபடி இருட்டு மூலையில வச்சுடாதீங்க; உயிரோட இருக்கும், உயரம் போடாது. பெரிய மரம் சாஞ்சு மேலே வானம் திறந்தாத்தான் காட்டுலயே இது விறுவிறுன்னு ஏறும்.

பாதி வெளிச்சத்தைத் தடுக்கிற கறுப்பு வலை கட்டுங்க. காலை வெயில் படட்டும், உச்சி வெயில் வேண்டாம். கருகின இலையைப் பிய்க்காதீங்க, அதுல மிச்சமிருக்கிற பச்சைதான் கன்றுக்குச் சோறு. அடுத்து நுனியில விரியிற இலை தடிப்பா, கருகாம நின்னா கன்று பழகிடுச்சு. அப்புறம் வலையைக் கொஞ்சங்கொஞ்சமா விலக்கலாம்.