ரியோமாவை விடுங்கள், கவாமுராவைப் பாருங்கள்

‘பிரின்ஸ் ஆஃப் டென்னிஸ்’ என்ற ஜப்பானிய அனிமே (கார்ட்டூன்) தொடரில் வரும் செய்காகு பள்ளி அணியைப் பற்றிப் போன இதழில் போகிற போக்கில் இரண்டு வரி எழுதியிருந்தேன். வந்து குவிந்த கடிதங்களைப் பார்த்ததும், இந்த முறை பகுதி முழுவதையும் அந்த அணிக்கே ஒதுக்கிவிட்டேன். பல வருடங்கள் பள்ளிப் பிள்ளைகளுக்கு டென்னிஸ் சொல்லிக்கொடுத்தவள் என்பதால், எனக்கு இதில் ஆசை கொஞ்சம் அதிகம்தான்.

கேள்வி: நான் இந்தத் தொடரை இன்னும் பார்த்ததில்லை. 178 எபிசோட் என்றதுமே மலைப்பாக இருக்கிறது. யார் இந்த செய்காகு? எங்கே தொடங்கலாம்? (கல்லூரி மாணவர்)

தகேஷி கொனோமி வரைந்த மாங்கா (ஜப்பானியப் படக்கதை) இது. ‘ஷோனென் ஜம்ப்’ வார இதழில் 1999 முதல் 2008 வரை வந்தது, மொத்தம் 42 தொகுதிகள். அனிமே 2001 அக்டோபரில் தொடங்கி 2005 மார்ச்சில் முடிந்தது. செய்ஷுன் காகுயென் என்பது டோக்கியோவில் இருப்பதாகக் கதை சொல்லும் ஒரு நடுநிலைப் பள்ளி. அதைச் சுருக்கித்தான் செய்காகு என்கிறார்கள். அமெரிக்காவில் ஜூனியர் போட்டிகளை வரிசையாக வென்றுவிட்டு வரும் ரியோமா எச்சிசென் முதல் வருடத்தில் சேர்கிறான். இரண்டாம் வருடத்தில் மோமோஷிரோவும் காய்தோவும். மூன்றாம் வருடத்தில் கேப்டன் தெசூகா, துணைக் கேப்டன் ஓயிஷி, அப்புறம் ஃபூஜி, கிகுமாரு, இனூயி, கவாமுரா. பயிற்சியாளர் ரியூசாகி அம்மையார்.

முதல் எபிசோடிலிருந்தே பாருங்கள். பள்ளிக்குள் நடக்கும் முதல் தேர்வுப் போட்டி முடியும்வரை எதையும் தாண்டாதீர்கள். அதற்குப் பிறகு நீங்களே நிறுத்த மாட்டீர்கள். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: தேசியப் போட்டி டிவி தொடரில் வராது. பின்னால் தனியாக வெளியான ஓவிஏக்களில்தான் (டிவிக்கு இல்லாமல் நேராக வீடியோவாக வெளியிடும் எபிசோடுகள்) வரும்.

கேள்வி: மேடம், புதிதாகச் சேர்ந்த பையனைக் கேப்டன் நேராகத் தேர்வுப் போட்டியில் இறக்கிவிடுகிறாரே, இது மற்ற பிள்ளைகளுக்குச் செய்யும் அநியாயம் இல்லையா? (பள்ளி அணியில் இடம் கிடைக்காத பத்தாம் வகுப்பு மாணவி)

உன் கோபம் எனக்குப் புரிகிறதம்மா. ஆனால் தெசூகா கொடுத்தது என்ன என்று பார். மாதாமாதம் அந்தப் பள்ளியில் ஒரு தேர்வுப் போட்டி நடக்கும். ஆடுபவர்களை நான்கு பிரிவாகப் பிரிப்பார்கள். ஒரு பிரிவுக்குள் எல்லோரும் எல்லோரோடும் மோத வேண்டும். பிரிவுக்கு இரண்டு பேர் வீதம் எட்டுப் பேர் அணிக்குள் போவார்கள். முதல் வருடப் பிள்ளைகளுக்குக் கோடைக்காலம் வரை அதில் இடம் கிடையாது என்பது வழக்கம். தெசூகா அந்த வழக்கத்தை மட்டும்தான் மீறினான். ரியோமாவின் பெயரை ஒரு பிரிவில் எழுதினான், அவ்வளவுதான். அதே பிரிவில் இனூயி, காய்தோ என்று ஏற்கெனவே அணியில் இருந்த இரண்டு பேர். மூன்று பேரில் ஒருவன் வெளியே போயே ஆக வேண்டும். இடத்தை ஆடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது.

வெளியே போனவன் இனூயி. அந்த ஆட்டத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கலாம். எதிராளியைப் பற்றி நோட்டுப் புத்தகத்தில் எல்லாவற்றையும் குறித்து வைப்பவன் அவன். ரியோமா ராக்கெட்டைப் பின்னால் இழுக்கும்போதே பந்து எங்கே வரும் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு அங்கே போய் நிற்கிறான். ரியோமா வழியைக் கண்டுபிடிப்பது கால்களில். எதிராளி அடிக்கும் நொடியில் லேசாக ஒரு குதி குதித்து இறங்குவோமே, ஸ்பிளிட் ஸ்டெப், அதை ஒற்றைக் காலில் இறங்கிச் செய்கிறான். எந்தப் பக்கம் ஓட வேண்டுமோ அந்தப் பக்கம் உந்துவதற்குத் தோதாக ஒரு கால் முதலில் தரையைத் தொடும். இது கட்டுக்கதை கிடையாது. தொழில்முறை வீரர்களின் கால்களை நிதானமாக ஓடவிட்டுப் பார், பல நேரம் அப்படித்தான் இறங்குவார்கள். பந்து எங்கே வரும் என்று இனூயிக்குத் தெரிகிறது, ஆனால் போய்ச் சேர நேரம் இல்லை. 7-5.

நீ பார்க்க வேண்டியது அதற்கு அடுத்த வாரங்களை. இடத்தை இழந்த இனூயி வீட்டுக்குப் போகவில்லை. மற்ற எட்டுப் பேருக்கும் பயிற்சித் திட்டம் போட்டுக் கொடுக்கிறான். பந்தில் நிறம் பூசி, அதே நிறக் கூம்பைப் பார்த்து அடிக்கச் சொல்கிறான். காலில் எடை கட்டிவிடுகிறான். தவறவிட்டவனுக்குத் தண்டனையாக அவனே கலக்கிய ஒரு காய்கறிச் சாறு (ஃபூஜி ஒருவன்தான் அதை ருசித்துக் குடிப்பான்). இப்படி எல்லோரையும் வலுவாக்கிவிட்டு, அந்த வலுவான ஆட்களையே எதிர்த்து ஆடித் தன் இடத்தை மீட்கிறான். அப்போது மோமோஷிரோ வெளியே போகிறான். அவன் பயிற்சிக்கே வராமல் ஓடிவிடுகிறான். திரும்பி வந்ததும் கேப்டன் மைதானத்தைச் சுற்றி ஓடவிடுகிறார். பிறகு கான்டோ வட்டாரப் போட்டியில் ஓயிஷிக்குக் கையில் அடிபட்ட அன்று, வெளியே நின்ற அதே மோமோஷிரோதான் உள்ளே போய் ஆடி ஜெயிக்கிறான். இடம் கிடைக்காதவர்களுக்கு இவ்வளவு நேரம் கொடுத்த விளையாட்டுக் கதை வேறு எதையும் நான் பார்த்ததில்லை.

கேள்வி: பாம்பு மாதிரி வளையும் பந்து, முகத்துக்கு எகிறும் சர்வ், தானாகத் தெசூகாவிடமே திரும்பி வரும் பந்து. இதில் எதாவது நிஜமா? (மூன்று நண்பர்கள் சேர்ந்து எழுதியது)

நீங்கள் நினைப்பதைவிட அதிகம் நிஜம். ரியோமாவின் ட்விஸ்ட் சர்வை எடுத்துக்கொள்ளுங்கள். பந்தைத் தலைக்கு மேலே தூக்கிப் போட்டு, கீழிருந்து மேலாகவும் குறுக்காகவும் உரசி அடித்தால், காற்றில் ஒரு பக்கம் வளையும் பந்து தரையில் பட்டதும் மறுபக்கம் எகிறும். தோள் உயரம் வரை எகிறுவது சாதாரணம். முகம் வரை என்பது வரைந்தவரின் உற்சாகம். இடுப்பை வளைத்து அடிக்கும் சர்வ் என்பதால் சின்னப் பிள்ளைகள் இதை அளவோடு பழக வேண்டும்.

காய்தோவின் ‘பாம்பு’ பக்கவாட்டுச் சுழல் கொடுத்து, கையை ஒரே பக்கத்தில் தலைக்கு மேலே சுழற்றி முடிக்கும் ஃபோர்ஹேண்ட் (ராக்கெட் பிடித்த கைப் பக்கத்தில் அடிக்கும் அடி). அதன் அடுத்த வடிவத்தில் பந்து வலைக்கம்பத்துக்கு வெளியே சுற்றிக்கொண்டு எதிர்க் கோர்ட்டில் விழும். பார்ப்பவர்கள் அது ஏமாற்று என்று நினைப்பார்கள். டென்னிஸ் விதிப்படி சுத்தமான அடி அது. கம்பத்துக்கு வெளியே போகும் பந்து வலையின் உயரத்துக்குக் கீழே போனாலும் பரவாயில்லை, சரியான இடத்தில் விழுந்தால் புள்ளி உங்களுடையது.

தெசூகாவைச் சுற்றியே பந்து வந்து விழுவது மட்டும் கொஞ்சம் கற்பனை. எதிராளி அடித்த பந்தின் திசையைப் பெரும்பாலும் அவருடைய ராக்கெட் முகம்தான் தீர்மானிக்கும், நாம் கொடுத்த சுழல் ஓரளவுக்குத்தான் இழுக்கும். ஆனால் உள்ளே ஒரு உண்மை ஒளிந்திருக்கிறது. எதிராளியைக் கோர்ட்டின் நடுவிலேயே, ஆழத்திலேயே கட்டிப்போட்டால் அவருக்குக் கோணம் கிடைக்காது. நீங்கள் இரண்டு அடி வைத்தால் போதும், பந்து கைக்கு வரும். முயன்று பாருங்கள்.

கேள்வி: என் மகனுக்கு 14 வயது. தோள் வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டே ஆடுகிறான். நிறுத்தச் சொன்னால், “தெசூகா நிறுத்தினானா?” என்று கேட்கிறான். அந்த ஆட்டத்தில் அப்படி என்னதான் நடந்தது? (ஒரு தாய்)

அம்மா, மருத்துவரிடம் காட்டும்வரை ராக்கெட்டை எடுத்து வைத்துவிடுங்கள். அந்த வயதில் எலும்பு முனைகளில் இருக்கும் வளர்ச்சித் தட்டு (எலும்பு வளரும் மென்மையான இடம்) இன்னும் மூடியிருக்காது. ஓயாமல் சர்வ் போடும்போது சுமை முழுவதும் அங்கேதான் போய் விழும். வலி வந்தால் ஓய்வு, அதில் பேரம் கிடையாது.

இனி அந்த ஆட்டம். கான்டோ போட்டியின் முதல் சுற்றில் ஹியோதெய் பள்ளியோடு மோதல். தெசூகாவின் இடது முழங்கையில் பழைய காயம் ஒன்று உண்டு. முதல் வருடத்தில் அவனுடைய திறமை பொறுக்காத ஒரு சீனியர் ராக்கெட்டால் அடித்தது. ஹியோதெய் கேப்டன் அதோபே அதை மோப்பம் பிடித்துவிடுகிறான். ஆட்டத்தை நீட்டிக்கொண்டே போனால் கை தாங்காது என்று கணக்குப் போடுகிறான். தெரிந்தே தெசூகா அந்த நீண்ட ஆட்டத்துக்கு ஒப்புக்கொள்கிறான். கடைசியில் போவது முழங்கை கூட இல்லை. முழங்கையைக் காப்பாற்றிக் காப்பாற்றி ஆடியதில் தோள் போய்விடுகிறது. ராக்கெட் கையிலிருந்து விழுகிறது. தோளைப் பிடித்துக்கொண்டு மண்டியிடுகிறான். அதற்குப் பிறகும் எழுந்து டை-பிரேக் (6-6 என்று சமமானால் முடிவுக்காக ஆடும் கடைசி ஆட்டம்) ஆடுகிறான். 37-35 என்ற கணக்கில் தோற்கிறான். (இப்படி ஒரு கணக்கு வருமா என்று வேறு இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். வரும். டை-பிரேக்கில் குறைந்தது 7 புள்ளி வேண்டும், 2 புள்ளி வித்தியாசமும் வேண்டும். வித்தியாசம் வரும்வரை போய்க்கொண்டே இருக்க வேண்டியதுதான்.)

எனக்கும் அந்தக் காட்சியில் கண் கலங்கும். ஆனால் உங்கள் மகனை உட்காரவைத்து அதற்கடுத்த எபிசோடுகளைக் காட்டுங்கள். தெசூகா சிகிச்சைக்காக ஊரைவிட்டே போகிறான். ரிக்காய் பள்ளியோடு நடக்கும் கான்டோ இறுதிப் போட்டியில், அணி அவனை மிகவும் தேடும் நாளில், அவன் கோர்ட்டில் இல்லை. தெசூகா நிறுத்தவில்லை, சரி. அதற்கு அவன் கொடுத்த விலையையும் அதே கதை ஒளிக்காமல் காட்டுகிறது. நான் அவனுடைய பயிற்சியாளராக இருந்திருந்தால் ராக்கெட் விழுந்த நிமிடமே ஆட்டத்தை விட்டுக்கொடுத்திருப்பேன். அவன் என்னோடு பேசாமல் போயிருந்தாலும் சரி.

கேள்வி: ஒன்பது பேரில் உங்களுக்குப் பிடித்தவர் யார்? ரியோமாதானே? (ஒரு ரியோமா ரசிகை)

கவாமுரா. சாதாரணமாகப் பேசினாலே கூச்சப்படும் பையன், ராக்கெட் கைக்கு வந்தால் மட்டும் ஊரே கேட்கும்படி கத்துவான். அவனுடைய அப்பா சுஷி கடை நடத்துகிறார். ஜெயித்த நாட்களில் அணி முழுவதும் அங்கேதான் போய்ச் சாப்பிடும். நடுநிலைப் பள்ளி முடிந்ததும் டென்னிஸை விட்டுவிட்டு அப்பாவிடம் தொழில் கற்கப் போகிறான், அது முடிவான விஷயம். மற்றவர்களுக்கு முன்னால் இன்னும் எத்தனையோ வருடங்கள் இருக்கின்றன. இவனுக்கு இந்த ஒரு கோடைதான்.

அந்த ஹியோதெய் மோதலின் கணக்கைக் காகிதத்தில் எழுதிப் பாருங்கள். இரண்டு இரட்டையர், மூன்று ஒற்றையர், மொத்தம் ஐந்து ஆட்டம். இரட்டையரில் ஆளுக்கு ஒன்று. அடுத்த ஒற்றையரில் கவாமுராவும் எதிராளி கபாஜியும் ஒற்றைக் கையால் மாறி மாறி வெடித்துத் தள்ளி, கடைசியில் இருவராலும் ராக்கெட்டைப் பிடிக்கவே முடியாமல் போகிறது. ஆட்டம் யாருக்கும் இல்லை என்று அறிவிக்கிறார்கள். பிறகு ஃபூஜி ஜெயிக்கிறான், தெசூகா தோற்கிறான். 2-2. அதனால்தான் ஆறாவதாக ஒரு ஆட்டம் வருகிறது. ரியோமா அதில் 6-4 என்று ஜெயித்து அணியைக் கரையேற்றுகிறான். எல்லோரும் ரியோமாவைக் கொண்டாடுகிறார்கள். கவாமுரா தோற்றிருந்தால் ஹியோதெய்க்கு மூன்று வெற்றி கிடைத்திருக்கும். அணி முதல் சுற்றிலேயே வீட்டுக்குப் போயிருக்கும், ரியோமா ராக்கெட்டை உறையிலிருந்து எடுத்திருக்கவே மாட்டான். கையைப் பாழாக்கிக்கொண்டு ஆடியதை நான் மெச்சவில்லை, மேலே அந்தத் தாய்க்குச் சொன்னது கவாமுராவுக்கும் பொருந்தும். ஆனால் பெயர் அடிபடாத ஒருவன் அந்த அணியைத் தாங்கி நின்றதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

கேள்வி: ஜப்பான் பள்ளிகளில் நிஜமாகவே இப்படித்தான் இருக்குமா? (ஆசிரியர் ஒருவர்)

பாதி. ஏப்ரலில் பள்ளி தொடங்குவது, புதிதாகச் சேர்ந்தவர்கள் பந்து பொறுக்குவது, சீனியருக்கு அடங்கி நடப்பது, மூன்றாம் வருடத்துக் கோடையோடு கிளப்பிலிருந்து விடைபெறுவது எல்லாம் அங்கே உள்ளதுதான். ஆனால் நடுநிலைப் பள்ளிகளில் அதிகம் ஆடப்படுவது மெத்தென்ற ரப்பர் பந்தில் ஆடும் சாஃப்ட் டென்னிஸ். செய்காகு ஆடும் டென்னிஸுக்கு அங்கே கிளப்புகள் குறைவு.

கேள்வி: நானும் என் தோழியும் இரட்டையர் ஆடுகிறோம். ஓயிஷி, கிகுமாரு மாதிரி ஆட ஆசை. ஆனால் ஒரே பந்துக்கு இருவரும் ஓடுகிறோம், அப்புறம் சண்டை. (ஒன்பதாம் வகுப்பு மாணவி)

அவர்கள் செய்யும் ஆஸ்திரேலியன் ஃபார்மேஷனையே பழகுங்கள், அது நிஜ டென்னிஸில் உள்ளது. வழக்கமாக சர்வ் போடுபவளின் தோழி வலைக்கருகே மறுபாதியில் நிற்பாள். இதில் அவள் சர்வ் போடுபவள் நிற்கும் அதே பாதியில் நிற்க வேண்டும். எதிராளியின் குறுக்கு அடி அவளிடமே வந்து மாட்டும். சர்வ் போட்டவள் உடனே காலியான பாதிக்கு ஓட வேண்டும். யார் எங்கே போவது என்று முன்னாலேயே பேசிக்கொள்ளாமல் இதை ஆடவே முடியாது, உங்களுக்கு வேண்டியதும் அதுதான். ஒவ்வொரு சர்வுக்கு முன்னாலும் வலைக்கருகே நிற்பவள் முதுகுக்குப் பின்னால் கையால் சைகை காட்டட்டும்: விரித்த கை என்றால் குறுக்கே பாய்வேன், மூடிய கை என்றால் நின்ற இடத்திலேயே நிற்பேன். காட்டிய பிறகு மாற்றக் கூடாது. நடுவில் வரும் பந்து ஃபோர்ஹேண்டில் யாருக்கு வருகிறதோ அவளுக்கு. அடுத்த இதழுக்குள் சண்டை தீர்ந்ததா என்று எழுதிப் போடு.