அலவாங்கு இரவல் கேளுங்கள்

கேள்வி: ஆசிரியர் ஐயா, நான் திருகோணமலையைச் சேர்ந்தவன். கலியாணம் முடித்து மனைவியின் ஊரான களுவாஞ்சிகுடிக்கு வந்து இரண்டு வருடமாகிறது. கல்முனையில் ஒரு நிதி நிறுவனத்தில் வேலை. காலையில் மோட்டார் சைக்கிளில் போனால் இருட்டித்தான் திரும்புவேன். என்னால் ஊரில் யாருக்கும் ஒரு தொல்லையும் கிடையாது. யாரிடமும் எதற்கும் போய் நின்றதில்லை. பக்கத்து வீட்டில் பொங்கல் தந்தால் அன்றைக்கே கடையில் பிஸ்கட் பெட்டி வாங்கிக் கொடுத்துவிடுவேன். கலியாண வீடு, செத்த வீடு எதையும் தவறவிடுவதில்லை. அப்படியிருந்தும் எனக்கென்று ஒருவர்கூட இங்கே இல்லை. இன்னும் "இன்னார் வீட்டு மருமகன்" என்றுதான் சொல்கிறார்கள். சுற்றியிருப்பவர்களோடு பழக எளிய வழிகள் சொல்வீர்களா? நல்ல புத்தகம் இருந்தாலும் சொல்லுங்கள்.
– பெயர் வேண்டாம், களுவாஞ்சிகுடி

பதில்: தம்பி, நீங்கள் பெருமையாக எழுதியிருக்கும் இரண்டு வரிகள்தான் உங்கள் நோய். யாருக்கும் தொல்லையில்லை, யாரிடமும் போய் நின்றதில்லை. ஆறு மாதம் அறை எடுத்துத் தங்கிப் போகிறவருக்கு இது நல்ல குணம். ஊரோடு வாழ வந்தவருக்கு உதவாது.

அந்தப் பிஸ்கட் பெட்டியையே எடுங்கள். பக்கத்து வீட்டம்மா ஒரு கிண்ணம் பொங்கல் தந்து உங்களோடு ஒரு கணக்கைத் திறந்தார். நீங்கள் பொழுது படுவதற்குள் அதைத் தீர்த்து மூடிவிட்டீர்கள். பாக்கி இருக்கும்வரைதான் ஆள் வந்து போவார் என்பது நிதி நிறுவனத்தில் இருக்கிற உங்களுக்கு நான் சொல்லியா தெரிய வேண்டும்? அடுத்த முறை கிண்ணத்தை ஒரு வாரம் வைத்திருங்கள். அப்புறம் வளவில் முருங்கை காய்க்கும்போது நாலு காய், இல்லாவிட்டால் மாமி சுட்ட பலகாரம், எதையாவது போட்டு அனுப்புங்கள். கடைச் சாமான் மட்டும் வேண்டாம். அதன் விலை எல்லாருக்கும் தெரியும். தெரிந்தால் கணக்கு நேராகிவிடும்.

கொடுப்பது இவ்வளவுதான். இனிக் கேட்கப் பழகுங்கள். வேலிக் கட்டை நட அலவாங்கு தேவையென்றால் ஹாட்வெயார் கடைக்கு ஓடாமல் மூன்றாவது வீட்டுக் கடப்படியில் போய் நின்று இரவல் கேளுங்கள். "என்னத்துக்குத் தம்பி?" என்பார் அந்த மனிதர். சொன்னால், எங்கே கிண்டுகிறீர்கள் என்று பார்க்க வருவார். வந்து, நீங்கள் கிண்டுகிற விதமே பிழை என்பார். சொல்லட்டும், வாய் திறக்காதீர்கள். அலவாங்கை உங்கள் கையிலிருந்து பறித்து அவரே ஒரு குழி கிண்டிக் காட்டினாரென்றால், அன்றிலிருந்து நீங்கள் அவருடைய ஆள்.

இதற்குப் பழைய சாட்சியும் இருக்கிறது. அமெரிக்காவின் பெஞ்சமின் பிராங்கிளின், பென்சில்வேனியா சட்டசபையில் தன்னை எதிர்த்து நின்ற ஒருவரிடம் சமாதானம் பேசப் போகவில்லை. அவரிடம் இருந்த அரிய புத்தகம் ஒன்றை இரவல் கேட்டு எழுதினார். ஒரு வாரமளவில் நன்றிக் குறிப்போடு திருப்பி அனுப்பினார். அதுவரை முகம் கொடுக்காதவர், அடுத்த முறை சபையில் தானாக வந்து பேசினார். சாகும்வரை நண்பராகவும் இருந்தார். 1969இல் ஜெக்கர், லாண்டி என்ற இரு ஆய்வாளர்கள் இதைச் சோதித்தும் பார்த்தார்கள். ஆய்வுக்கு வந்தவர்கள் பரிசாக வென்ற பணத்தை, "எனக்கு உதவியாகத் திருப்பித் தருவீர்களா?" என்று ஆய்வை நடத்தியவரே கேட்டார். கேட்கப்படாதவர்களைவிட, கேட்டுக் கொடுத்தவர்களுக்கே அவரைக் கூடுதலாகப் பிடித்திருந்தது. அதற்காக நீங்கள் போய்ப் பணம் கேட்டுவிடாதீர்கள். கைமாற்றில் முறிந்த உறவுகளைப் பற்றி எழுத இன்னொரு இதழ் வேண்டும்.

அப்புறம், "இன்னார் வீட்டு மருமகன்" என்றால் உங்களுக்கு ஏன் கோபம் வருகிறது? மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத்தில் வீடும் வளவும் பெண்ணுக்குச் சீதனம். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். தமிழருக்கும் அப்படித்தான், முஸ்லிம்களுக்கும் அப்படித்தான். குடி என்கிற வம்சப் பிரிவும் தாய் வழியில் போகிறது. ஆகவே உங்கள் தெருவில் இருக்கிற ஆண்களில் பலர் உங்களைப் போல எங்கிருந்தோ வந்த மருமகன்மார். அவர்களில் ஒருவரைப் பிடித்து, "அண்ணன், வந்த புதுசில இந்த ஊரை எப்படிச் சமாளிச்சீங்கள்?" என்று கேளுங்கள். ஒரு மணித்தியாலம் போவது தெரியாது. கோயிலடியில் வயதானவர் யாராவது "ஆர்ர மருமகன்?" என்று கேட்டால் மாமியின் பெயரோடு நிறுத்தாமல் மாமியின் தாயின் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு நீங்கள் பேசத் தேவையில்லை, அவர் பேசுவார்.

செத்த வீட்டைத் தவறவிடுவதில்லை என்கிறீர்கள். சரி, போய் என்ன செய்கிறீர்கள்? முன்வரிசைக் கதிரையில் பத்து நிமிடம் இருந்துவிட்டு எழும்பி வருகிறீர்கள் என்று நினைக்கிறேன். பின்பக்கம் போங்கள். கதிரை இறக்க, பந்தலுக்குக் கயிறு பிடிக்க, நடுச்சாமத்தில் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுக்க ஆள் எப்போதும் போதாது. வைகாசியில் செட்டிபாளையம் கண்ணகை அம்மன் சடங்குக்கும் இதே முறைதான்: கும்பிட்ட கையோடு திரும்பாமல், அங்கே நிற்கிறவர்களிடம் "என்ன வேலை இருக்கு?" என்று கேட்டு நில்லுங்கள். வியர்த்துப்போய் நிற்கிற ஆளிடம் பேச்சுக் கொடுப்பது எல்லாருக்கும் சுலபம்.

இரண்டு வருடம் என்று எழுதியிருக்கிறீர்கள். மணித்தியாலத்தில் சொல்லுங்கள் பார்ப்போம். கன்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹோல், புதிதாக இடம் மாறியவர்களிடம் விசாரித்து 2018இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். முகப்பழக்கம் சாதாரண நட்பாவதற்கே சுமார் 50 மணித்தியாலம் சேர்ந்திருக்க வேண்டுமாம். நெருங்கிய நட்புக்கு 200க்கு மேல். வேலைத்தலத்தில் சேர்ந்து வேலை செய்யும் நேரம் இதில் அவ்வளவாகக் கணக்கில் வரவில்லை என்பதையும் கவனியுங்கள். ஹெல்மெட்டுக்குள் இருந்து நீங்கள் தலையாட்டிய நேரத்தையெல்லாம் கூட்டினால் ஒரு மணித்தியாலம் தேறுமா? வாரத்தில் இரண்டு நாளாவது மோட்டார் சைக்கிளை வீட்டில் விட்டு, சந்தி வரை நடந்து, பஸ் ஏறிப் போங்கள். ஒரே நேரத்து பஸ்ஸில், காதில் எதையும் மாட்டாமல்.

கல்முனையையும் விட்டுவிடாதீர்கள். தமிழரும் முஸ்லிம்களும் புட்டும் தேங்காய்ப்பூவும் என்று மேடையில் முழங்குகிறவர்கள் பலருக்குத் தாங்கள் மரக்கறி வாங்கும் காக்காவின், அதாவது முஸ்லிம் அண்ணனின், பெயர் தெரியாது. நீங்கள் ஒரே ஆளிடம் வாங்குங்கள். மூன்று ரூபாய் மலிவென்று கடை மாறாதீர்கள். "காக்கா, இந்தப் பாகற்காய் எவடத்த?" என்று தொடங்கினால் போதும். நோன்பு காலத்தில் கஞ்சி தந்தால் வாங்கிக் குடியுங்கள். திரும்ப என்ன கொடுப்பது என்று அன்றைக்கே யோசிக்கத் தொடங்கிவிடாதீர்கள், உங்களுக்கு அந்த வருத்தம் இருக்கிறது.

புத்தகத்தின் பெயர் தரமாட்டேன். ஊர் நூலகத்துக்கு நடந்துபோய், மேசையில் இருப்பவரிடம் கேளுங்கள்.